சட்டைப்பைக்குள் அடங்கிய தூரம்

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பானசோனிக் நிறுவனம் லூமிக்ஸ் டிஇசட்1 என்ற சிறிய கேமராவை அறிவித்தது. 5 மெகாபிக்ஸல், 10 மடங்கு ஜூம், ஃபிலிம் கேமராக் கணக்கில் சொன்னால் 35 முதல் 350 மி.மீ. வரை குவியத்தூரம். பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் ‘ட்ராவல் ஜூம்’ என்பதன் சுருக்கம். பிறகு அதுவே ஒரு கேமரா இனத்தின் பெயராகிவிட்டது. அதற்கு முன்பும் 10 மடங்கு, 12 மடங்கு ஜூம் கேமராக்கள் உண்டு. ஆனால் அவை முன்பக்கம் துருத்திக்கொண்டு, கழுத்தில் தொங்கவேண்டியவை. ‘இவர் படம் எடுக்கத்தான் வந்திருக்கார்’ என்று பார்த்தவுடன் ஊருக்கே தெரிந்துவிடும். டிஇசட்1 பேன்ட் பையில் போனது. அதுதான் புதுசு.

இந்த இனத்தின் இருபது வருட வரலாற்றை ஒரு எண்ணின் வரலாறாகவே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடும் அந்த ‘மடங்கு’. இந்தக் கேமராவை வளர்த்ததும் அந்த எண்தான், இளைக்க வைத்ததும் அதுதான்.

முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஸ்டில் கேமராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ், 1959-இல் ஃபோக்ட்லேண்டர் வெளியிட்ட ஸூமார். ஃபிராங்க் பேக் வடிவமைத்தது. 36 முதல் 82 மி.மீ. மட்டுமே, அதாவது இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டும், அதுவும் கையில் கனக்கும் சாமான். கைக்கு அடக்கமான 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்குள் ஜூம் வர 1986 வரை ஆயிற்று. பென்டாக்ஸ் ஜூம் 70, 35 முதல் 70 மி.மீ. வரை சென்றது. ஃபிலிமை வைத்துக்கொண்டு இதற்கு மேல் பெரிதாக ஓடமுடியாது. 36க்கு 24 மி.மீ. சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் 350 மி.மீ. லென்ஸ் அதற்கேற்ற நீளத்தில்தான் இருக்கும்.

டிஜிட்டலில் அந்தச் சட்டமே சுருங்கியது. இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 6.2க்கு 4.6 மி.மீ. அளவுள்ள சென்ஸர், நம் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. பரப்பு ஏறக்குறைய 28 சதுர மி.மீ. ஃபிலிம் சட்டமோ 864. சென்ஸர் சின்னதானால் லென்ஸும் சின்னதாகலாம். 2014-இல் வந்த டிஇசட்60, ‘24 முதல் 720 மி.மீ.’ என்று சொல்லிக்கொண்டது. உண்மையில் அதற்குள் இருந்த லென்ஸின் குவியத்தூரம் 4.3 முதல் 129 மி.மீ. வரைதான். மாயமெல்லாம் ஒன்றுமில்லை. நடுவில் இருக்கும் சின்னத் துண்டை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். ஆனால் ரொம்ப சாமர்த்தியமாக.

லென்ஸை மடக்கும் வித்தையும் சேர்ந்துகொண்டது. 2002-இல் மினோல்டாவின் டிமாஜ் எக்ஸ், உள்ளே வந்த ஒளியை முப்பட்டகத்தால் 90 பாகை திருப்பி, லென்ஸ் வரிசையை கேமராவின் உடம்புக்குள்ளேயே செங்குத்தாக வைத்தது. 3 மடங்கு ஜூம், வெளியே எதுவும் நீளாது. டிஇசட்1-உம் ஒளியை மடக்கும் இந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டது. பின்னர் பெரும்பாலானோர் குழாய்க்குள் குழாயாகச் செருகிக்கொள்ளும் லென்ஸுக்குப் போய்விட்டார்கள். மடக்கும் வித்தைக்குப் பிறகு ஒரு மறுபிறவி உண்டு, அதற்கு வருகிறேன்.

எல்லோரும் ஜூமின் தொலைமுனையைப் பற்றியே பேசுவார்கள். என் அனுபவத்தில் இந்தக் கேமராவைப் பயணத்துக்கு உரியதாக்கியது அதன் மறுமுனை. 2007-இன் டிஇசட்3 28 மி.மீ.யில் தொடங்கியது, 2009-இன் டிஇசட்7 25-இல், 2011-இன் டிஇசட்20 24-இல். சன்னதித் தெருவில் பின்னால் நகர இடமில்லாமல் நின்று கோபுரத்தை முழுசாக எடுக்க 35 போதாது, 24 போதும். அதே இடத்தில் நின்றபடி, ஒரு பொத்தானைத் தள்ளி, ஐந்தாம் நிலையில் நிற்கும் துவாரபாலகரின் விரல் முத்திரையையும் எடுக்கலாம். லென்ஸ் கழற்றவேண்டாம், பை திறக்கவேண்டாம். கூட வந்தவர்கள் ‘இன்னும் எவ்வளவு நேரம்ப்பா’ என்று கேட்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இதற்கு உயிர்நாடி. நைக்கான் 1994-இல் ஜூம் 700விஆர் என்ற ஃபிலிம் கேமராவில் அதை முதலில் கொடுத்தது. பயண ஜூம் வருவதற்குள் அது மலிந்திருந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் கீழுள்ள இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதால், கையில் பிடித்தே 300 மி.மீ.யில் எடுக்க முடிவது நம் ஊரில் பெரிய விஷயம். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தில் வெள்ளைக்காரர் போலத் தொப்பி அணிந்த உருவம் ஒன்று இருப்பதாக வழிகாட்டிகள் கைநீட்டுவார்கள். நீட்டிய கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். நான் அதைக் கண்ணால் பார்த்தது ஒரு பயண ஜூமின் திரையில்தான். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் காலை வெயிலில் நின்று மஞ்சள்மூக்கு நாரை குஞ்சுக்கு இரை கொடுப்பதை எடுத்ததும் அப்படியே. பறவைப் படக்காரர்கள் பீரங்கி மாதிரி லென்ஸோடு வந்திருந்தார்கள். அவர்கள் படத்தோடு என் படத்தை ஒப்பிடவே முடியாது. ஆனால் அதைப் பார்த்தே என் வீட்டில் எல்லோரும் பறவையின் பெயரைக் கற்றுக்கொண்டார்கள்.

இனி எண்ணின் கதை. 10 மடங்கு 12 ஆயிற்று. 2011-இல் 16, 2012-இல் 20, 2014-இல் 30. 2016-இல் கேனன் எஸ்எக்ஸ்720 40 மடங்கைத் தொட்டது, 24 முதல் 960 மி.மீ. இதில் ஒரு விஷயத்தை கவனிக்கவேண்டும். ‘மடங்கு’ என்பது தூரத்தின் அளவே அல்ல, லென்ஸின் கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்த ஈவு. டிஇசட்1-உம் டிஇசட்3-உம் 10 மடங்குதான், ஆனால் ஒன்று 350 வரை போகும், மற்றது 280 வரை. கடைக்காரர் ‘இது முப்பது சார், அது இருபதுதான்’ என்று சொல்லும்போது இந்த விளக்கத்துக்கெல்லாம் இடமில்லை.

எண் ஏற ஏற லென்ஸின் துளை சுருங்கியது. டிஇசட்1-இன் தொலைமுனைத் துளை எஃப்/4.2. டிஇசட்60-இல் அது எஃப்/6.4. ஒன்று 350-இல், மற்றது 720-இல் என்பதை மறக்கக்கூடாது என்றாலும், சென்ஸரில் விழும் ஒளியின் செறிவு பாதிக்கும் கீழே போய்விட்டது. அதோடு பிக்ஸல்களையும் கூட்டினார்கள். இயற்பியல் இங்கே குறுக்கே நிற்கிறது. எஃப்/6.4 துளை வழியாக வரும் ஒளிப்புள்ளி, விளிம்பு விளைவால் சுமார் 8.6 மைக்ரான் விட்டமுள்ள வட்டமாகப் பரவும். 18 மெகாபிக்ஸலை அந்தச் சின்னச் சென்ஸரில் திணித்தால் ஒவ்வொரு பிக்ஸலின் அகலமும் 1.3 மைக்ரானுக்குள்தான். அதாவது ஒரு புள்ளி ஆறேழு பிக்ஸல்களின் மேல் வழிகிறது. லென்ஸ் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதற்கு மேல் விவரம் கிடைக்காது. எஃப்/6.9 என்றால் இன்னும் மோசம். சித்திரை நண்பகலில் தரையிலிருந்து எழும் கானல் வேறு, அதற்கு எந்தக் கேமராவிலும் மருந்தில்லை.

வெளிச்சம் குறைந்தால் நிலைமை இன்னும் பரிதாபம். அஜந்தாவில் ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. குகைக்குள் வெளிச்சத்தை மங்கலாகவே வைத்திருப்பார்கள். வாசலில் நின்று எதிர்க்கரையை எடுத்தால் ஒவ்வொரு மரமும் தெரிகிற கேமரா, உள்ளே போனதும் திணறும். சென்ஸரின் உணர்திறனை ஏற்றினால் மணல் தூவியதுபோல் இரைச்சல் வரும், அதைத் துடைக்க மென்பொருள் புகுந்தால் ஓவியத்தின் கோடுகளே கரைந்து நீர்வண்ணமாகிவிடும். பக்தர் கையில் இருந்தால் மூலஸ்தானம், ஆய்வாளர் கையில் இருந்தால் இருண்ட மண்டபத்துக் கல்வெட்டு. நமக்கு முக்கியமானதெல்லாம் இருட்டில் இருப்பதால் இந்தக் குறை நம்மூரில் இரண்டு மடங்காக உறைக்கும்.

நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2015-இல் டிஇசட்70-ஐ வெளியிட்டபோது பானசோனிக் 18 மெகாபிக்ஸலில் இருந்து 12-க்கு இறங்கியது. எனக்குத் தெரிந்து இந்தப் பந்தயத்தில் ஒருவர் ஒரு காலைப் பின்னால் எடுத்துவைத்த அபூர்வமான தருணம் அது. அடுத்த வருடமே டிஇசட்80, 4கே வீடியோவோடு மறுபடி 18-க்கு ஏறிவிட்டது. அதே 2016-இல் இன்னொரு பாதையும் திறந்தது. சோனி 2012-இல் ஆர்எக்ஸ்100-இல் வைத்த ‘1 அங்குல’ சென்ஸரை (உண்மையில் 13.2க்கு 8.8 மி.மீ.) டிஇசட்100-இல் பானசோனிக் கொண்டுவந்தது. பரப்பு நான்கு மடங்கு. ஜூம்? பழையபடி 10. பத்து வருடம் ஓடி, தொடங்கிய எண்ணுக்கே வந்து நின்றார்கள். படங்கள் தெளிந்தன, விலையும் எகிறியது. 2018-இன் டிஇசட்200 திரும்ப 15 மடங்குக்குப் போய், துளையை எஃப்/3.3-இலிருந்து தொடங்கியது. பழைய கதைதான்.

இன்னொரு குறையை யாரும் பெட்டியில் அச்சிடுவதில்லை. குழாய் நீள்வதும் சுருங்குவதும் காற்றை உள்ளே இழுக்கும் துருத்திபோல் வேலை செய்யும். காற்றோடு தூசியும் போகும். நான் வைத்திருந்த ஒரு 30 மடங்கு கேமராவில் மூன்றாம் வருடம் வானத்தில் எப்போதும் ஒரு சாம்பல் பொட்டு இருந்தது. லென்ஸைக் கழற்ற முடியாது, எனவே சென்ஸரைத் துடைக்கவும் முடியாது. பழுது பார்ப்பவர் எடைபோட்டுப் பார்ப்பதுபோல் கையில் வைத்துக்கொண்டு, ‘இதைப் பிரிச்சா செலவு இன்னொண்ணு வாங்குற அளவுக்கு வந்துரும்’ என்றார்.

இதற்குள் செல்பேசி வந்துவிட்டது. 2010-இல் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டமைப்புக் கணக்கில் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடி. 2023-இல் எல்லா வகையும் சேர்த்து 80 லட்சத்துக்கும் கீழே. செல்பேசி முதலில் அகலமுனையைத் தின்றது, பிறகு இருட்டைத் தின்றது. பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி இரைச்சலைக் குறைப்பதுதான் அதன் சூட்சுமம். ஆனால் சோனி 2009-இலேயே தன் சிறிய கேமராக்களில் ஆறு படங்களைச் சேர்த்து இரவுக்காட்சி எடுக்கும் வசதியை வைத்திருந்தது, 2010-இன் பயண ஜூமான ஹெச்எக்ஸ்5வி-யிலும் அது இருந்தது. யோசனை இவர்கள் கையில்தான் இருந்தது. அதைத் துணைப்பட்டியல் ஒன்றில் ஒளித்துவைத்துவிட்டு மடங்கை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2019-இல் ஹுவாவே பி30 ப்ரோ முப்பட்டகத்தால் ஒளியை மடக்கி 5 மடங்கு லென்ஸை ஃபோனுக்குள் படுக்கவைத்தபோது, டிமாஜ் எக்ஸின் வித்தையும் கைமாறிவிட்டது.

இன்னும் மிச்சமிருப்பது தூரம். 300 மி.மீ.க்கு மேல், நல்ல வெளிச்சத்தில், மெய்யான லென்ஸ் தரும் விவரத்தை ஃபோனின் கணக்கு இட்டு நிரப்ப முடியவில்லை. சிற்பத்தின் தேய்ந்த மூக்கை மென்பொருள் ‘சரிசெய்து’ காட்டினால் அது ஆவணம் இல்லை. 2025-இல் பானசோனிக், டிஇசட்99 என்று 30 மடங்கு கேமராவை மறுபடி வெளியிட்டது. யுஎஸ்பி-சி சேர்ந்தது, வெயிலில் கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சிக்கண்ணாடி போய்விட்டது. தூரத்தை எடுக்க வெயில் வேண்டும், வெயிலில் திரை தெரியாது. அதனால் இந்த ஒரு வெட்டு எனக்கு வருத்தம்தான்.

ஆகவே பழைய மாடல்களைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்சிக்கண்ணாடி உள்ளதாகப் பாருங்கள். ஜூமை முழுசாக நீட்டி, துளையைச் சுருக்கி, ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். பொட்டு தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். தெரியாவிட்டால் வாங்கிக்கொண்டு காலை எட்டு மணிக்கு, வெயில் சாய்வாக விழும்போது, பக்கத்தில் இருக்கும் கோபுரத்தடிக்குப் போங்கள். மேல்நிலைகளில் பெயர் தெரியாத யாரோ செய்துவைத்த முகங்கள் நிறைய இருக்கின்றன.