மாரியும் துருவ இருளும்

இலங்கையின் நானாட்டானில் மாரி என்றால் மழைக்காலம். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் கட்டுக்கரைக்குளத்தை நம்பிய வயல்களில் காலபோக விதைப்புத் தொடங்கி, வரம்பு கட்டுவதும் களை பிடுங்குவதும் நத்தார் வரை நீள்வதால், ஆண்டின் மிகக் குறுகிய பகல்களே இவ்வூரார்க்கு ஓய்வற்ற நாட்களாக அமைந்துவந்தன. பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ள இக்கரையில் மார்கழிப் பகல் ஆனிப் பகலைவிட ஒரு மணித்தியாலமே குறைவு. ஆகையால், 1984 இல் அமெரிக்க உளமருத்துவர் நோர்மன் ரோசெந்தால் குழுவினர் விவரித்த பருவகால மனச்சோர்வு, அதாவது பகல் சுருங்கும்போது மிகுதூக்கத்தோடும் மாப்பண்ட வேட்கையோடும் தோன்றி இளவேனிலில் விலகும் சோர்வு, இங்கே பேசப்படாததில் வியப்பில்லை.

கழுத்தின் முன்புறத்தில் இருந்து உடலின் வெப்பத்தையும் வேகத்தையும் ஆளும் தைரொயிட்டுச் சுரப்பியும் இலங்கையில் இருளோடு அன்றி உப்போடு சேர்த்தே எண்ணப்பட்டது. தென்மேற்கு ஈரவலயத்தில் பரவலாயிருந்த கண்டக்கழலையை, அதாவது அச்சுரப்பி வீங்கும் நோயை, ஒழிக்கவே 1995 இல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. அச்சுரப்பிக்கும் துருவ வாழ்வுக்கும் உள்ள தொடர்பு வேறிடத்தில் வெளிப்பட்டது. அந்தாட்டிக்காவின் மக்மேடோ நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கியோரின் உடல், தைரொயிட்டு ஓமோன்களுள் வீரியம் மிக்கதான டி3 ஐ வழக்கத்தைவிட விரைவாக ஆக்கிச் செலவழித்ததும், அவர்களின் மனநிலை தளர்ந்ததும் பதிவாகி, ‘துருவ டி3 கூட்டறிகுறி’ எனப் பெயர் பெற்றன. இதில் குளிரின் பங்கையும் இருளின் பங்கையும் பிரிப்பது எளிதன்று.

இருண்ட மாரியை ஈழத்தமிழர் வாழ்ந்து கண்டது 1980களிலிருந்து, போருக்குத் தப்பி நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்த பின்னரே. அங்கே நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி கடந்தும் சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. குளிர்ந்த ஆலையில் நின்றபடி மீன் அரிந்த அவர்கள், இன்ன இடமென்று சுட்ட முடியாத உடல் நோவுகளோடு மருத்துவரைத் திரும்பத் திரும்ப நாடியதை மானிடவியலாளர் ஆன் சிக்பிரிட் குரொன்செத் ஆராய்ந்து, உறவும் சடங்கும் அறுந்த வாழ்வையே அந்நோவின் வேராகக் காட்டினார். ஓமோனையும் ஒளியையும் மட்டும் அளப்போர் தவறவிடும் செய்தி இது. பின்மார்க்கை விட்டுப் பலர் தெற்கே ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தனர். அங்கே மார்கழியில் ஏறத்தாழ ஆறு மணித்தியாலப் பகல் உண்டு, கோயிலும் இனசனமும் உண்டு.