பதக்கத்தின் சொல்லும் பொருளும்: கார்ல் கோட்ஸின் லூசிட்டானியாப் பதக்கம்

ஒரு வாசகத்தின் பொருள் அதன் சொற்களில் மட்டும் அடங்குவதன்று. கூறுவோர் யார், கேட்போர் யார் என்பதையும் சார்ந்தது. ஜெர்மானியச் சிற்பியும் பதக்கக் கலைஞருமான கார்ல் கோட்ஸின் (1875–1950) பணி இதற்குத் தக்க சான்றாகும்.

ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்த கோட்ஸ், பாரிஸில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் மியூனிக்கில் குடியேறினார். முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கதப் பதக்கங்களை வார்த்துப் பெயர்பெற்றார். 1915 மே 7ஆம் நாள் லூசிட்டானியா என்னும் பிரித்தானியப் பயணிக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் அயர்லாந்துக்கு அருகே மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் கோட்ஸ் தம் சொந்த முயற்சியில் இந்நிகழ்ச்சி குறித்த பதக்கம் ஒன்றைச் செய்தார்.

அதன் ஒரு பக்கத்தில், பீரங்கியும் வானூர்தியும் ஏற்றிய கப்பல் மூழ்குகிறது. மேலே ‘கடத்தற்பொருள் இல்லை!’ என்னும் பொருள்தரும் ஜெர்மன் தொடர் உள்ளது. மறுபக்கத்தில் எலும்புக்கூடு ஒன்று குனார்டு நிறுவனத்தின் பயணச்சீட்டு விற்கிறது; அதன்மேல் ‘எல்லாவற்றிற்கும் மேலானது வாணிகம்’ என்னும் தொடர் உள்ளது. இரண்டும் கோட்ஸின் கூற்றல்ல. எதிர்த்தரப்பாரின் வாயில் அவர் வைத்த கூற்றுகள். கப்பலில் பீரங்கியோ வானூர்தியோ இல்லை. ஆயினும் 4,200 பெட்டித் தோட்டாக்கள் இருந்தன. ஆகவே இகழ்ச்சியில் மிகையும் உண்மையும் கலந்திருந்தன.

பதக்கத்தில் நாள் மே 5 எனப் பிழையாக இடம்பெற்றது. செய்தித்தாளைப் பார்த்ததால் நேர்ந்த தவறு என்று விளக்கிய கோட்ஸ், பின்னர் 7 எனத் திருத்தினார். ஆனால் பிரித்தானியர் முந்தைய வடிவத்தையே படியெடுத்து, விளக்கத்தாளுடன் பெட்டியிலிட்டு, இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட படிகளைப் பரப்பினர். கோட்ஸ் வார்த்தவையோ சில நூறே. இப்படிகளில் மாதப்பெயரின் ஜெர்மன் வடிவம் ஆங்கில வடிவமாக மாறியது. இவ்வோர் ஈற்றெழுத்தே படியை மூலத்தினின்று பிரித்தறிய உதவுகிறது.

விளக்கத்தாள் தொடர்களைச் சரியாகவே மொழிபெயர்த்தது. எச்சரித்துவிட்டால் கொலைப்பழி கொல்லப்பட்டவரையே சாரும் என்பதா என்று அது எழுப்பிய வினாவும் நியாயமானதே. பயணிகளுக்கு ஜெர்மானியத் தூதரகம் விடுத்திருந்த எச்சரிக்கையையும் பதக்கம் சுட்டியிருந்தது. மாறியது சூழலே. தனியொருவரின் அங்கதம் ஒரு நாட்டின் வெற்றிக் களிப்பாகவும், நாட்பிழை முன்கூட்டிய திட்டத்தின் சான்றாகவும் வாசிக்கப்பட்டன. 1917இல் பவேரிய அரசே இப்பதக்கத்தைத் தடைசெய்தது.

இதனால் கோட்ஸ் தூயவர் ஆகிவிடார். ரைன் பகுதியில் நின்ற பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்க வீரர்களை இழிவுசெய்து 1920இல் அவர் செய்த பதக்கம் அப்பட்டமான இனவெறுப்பு. அங்கே மாற்றுவாசிப்புக்கு இடமில்லை.

லூசிட்டானியாப் பதக்கம் மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு: சொற்பொருள் பிழையாமல் பெயர்த்தபின்னும், அக்கூற்று யாருடையது என்பதைத் தவறவிட்டால் மூலம் வேறொன்றாகிவிடுகிறது.