கஞ்சாச் செடியும் கல்கத்தா மருத்துவரும்



எங்கள் பள்ளி மாணவன் ஒருவனுக்கு அடிக்கடி வலிப்பு வரும். அவன் தாயார் ஒருநாள் எங்களிடம் தயங்கித் தயங்கி, "சார், வலிப்புக்குக் கஞ்சா எண்ணெய் நல்லதுன்னு சொல்றாங்களே, வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். அந்தத் தாய்க்கு விடை கூற நாம் சற்று வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

கஞ்சா இந்திய நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வந்த சரக்கு. 1833ஆம் ஆண்டில் வில்லியம் ஒஷாக்னசி என்னும் அயர்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகக் கல்கத்தா வந்தார். பின்னர் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியரானார். வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் கேட்டறிந்து, முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1839இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

யார் யாருக்குக் கொடுத்தார்? வாதத்தால் வருந்தியோர், இசிவு நோயாளிகள், வெறிநாய் கடித்த ஒருவர் ஆகியோருக்குக் கொடுத்தார். நாய்க்கடி நோயாளியின் உயிரைக் காக்க முடியவில்லை. வேதனை மட்டும் தணிந்தது. பிறந்து 40 நாளே ஆன ஒரு பெண் குழந்தை, இம்மருந்துக்குப் பின் வலிப்பு நீங்கிப் பிழைத்தது. அதே சமயம், விடாமல் பயன்படுத்துவோரின் புத்தி தடுமாறுவதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

அவர் வழியாக இங்கிலாந்து சென்ற இம்மருந்து நாளடைவில் மதிப்பிழந்தது. ஏன்? ஒரு புட்டியில் வீரியம் மிகுந்திருக்கும். மறு புட்டியில் குறைந்திருக்கும். அளவு அறிந்து கொடுக்க இயலவில்லை. ஆஸ்பிரின் போன்ற நம்பகமான மருந்துகளும் வந்தன. 1932இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து அது நீக்கப்பட்டது.

அளவுச் சிக்கலுக்கு வழி பிறந்தது பின்னாளில்தான். 1964இல் இஸ்ரேலைச் சேர்ந்த மெக்கூலமும் கவோனியும் போதை தரும் பொருளைத் தனியே பிரித்துக் காட்டினர். கன்னபிடயால் என்பது அதே செடியிலுள்ள வேறொரு பொருள். அது போதை தராது. அதைச் சுத்திகரித்துச் செய்த மருந்தை, குழந்தைகளைத் தாக்கும் இரு கொடிய வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. சில நாடுகளில் புற்றுநோய்ச் சிகிச்சையால் ஓயாது வாந்தியெடுப்போருக்கும், நரம்பு நோயால் தசை விறைத்தோருக்கும் இச்செடி சார்ந்த மருந்துகள் மருத்துவர் சீட்டின் பேரில் தரப்படுகின்றன.

எனவே, அந்தத் தாயார் கேள்விப்பட்டது முழுப் பொய்யன்று. ஆனால் மருத்துவர் அளந்து தரும் மருந்து வேறு. கைமாறி வரும் புட்டி வேறு. அதனுள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் அறியார். மேலும், நம் நாட்டில் கஞ்சா வைத்திருப்பதே கடுங்குற்றம். வலிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்து.

பிள்ளைக்கு வலிப்பு வருவது குடும்பத்துக்கு இழுக்கன்று; மறைக்கவும் வேண்டாம். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். கேட்க நினைப்பதை மருத்துவரிடமே கேட்போம்.