சிங்கர் காடும் நான்கு விநாடி வீடியோவும்

'கோஸ்ட் பேர்ட்' என்ற ஆவணப்படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். 2009இல் வந்த படம், ஸ்காட் கிராக்கர் எடுத்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிரிங்க்லி என்று ஒரு சின்ன ஊர். வியாபாரம் படுத்து, கடைகள் மூடிக் கிடந்த ஊர். 2005இல் திடீரென்று அந்த ஊருக்கு யோகம் அடித்தது. அற்றுப்போனதாக எல்லோரும் நினைத்திருந்த தந்த அலகு மரங்கொத்தி பக்கத்துச் சதுப்புக் காட்டில் உயிரோடு இருக்கிறது என்று செய்தி வந்துவிட்டது. சலூனில் 'மரங்கொத்தி கட்டிங்', ஓட்டலில் மரங்கொத்தி பெயரில் பர்கர், தெருவெல்லாம் பறவை படம். படம் பார்க்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

இந்தப் பறவை சாதாரண மரங்கொத்தி இல்லை. அரை மீட்டர் நீளம். கறுப்பு உடல், முதுகில் வெள்ளை, ஆணுக்குச் சிவப்புக் கொண்டை, தந்தம் மாதிரி வெளுத்த அலகு. திடீரென்று பார்க்கிறவர்கள் "அட கடவுளே!" என்று கத்துவார்களாம், அதனாலேயே தெற்கத்தி மக்கள் இதற்கு 'லார்ட் காட் பேர்ட்' என்று பெயர் வைத்தார்கள். நம்மூரில் இதற்கு ஒப்பாகச் சொல்ல வேண்டுமென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற, வயிறு மட்டும் வெள்ளையான அந்தப் பெரிய கறுப்பு மரங்கொத்தியைச் சொல்லலாம். அளவில் கிட்டத்தட்ட அதே.

படம் பெரும்பாலும் 2004க்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. எனக்கோ அதற்கு முந்தைய கதைதான் தூக்கத்தைக் கெடுத்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அந்தக் கதைக்குள் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. எங்கள் அம்மா மிதித்தாரே, கறுப்பு உடம்பில் தங்க எழுத்து போட்ட அதே சிங்கர்.

சிங்கர் கம்பெனி 1913 வாக்கில் லூசியானாவில், டல்லூலா ஊருக்குப் பக்கத்தில், சுமார் 80,000 ஏக்கர் காட்டை வாங்கியது. மெஷினைத் தாங்கும் மேஜைக்கும் பெட்டிக்கும் ஓக் மரம் வேண்டும், அதற்காக. வாங்கியதே தவிர உடனே வெட்டவில்லை. அதனால் தெற்கு முழுக்க ஆற்றோரக் காடுகள் மொட்டையடிக்கப்பட்டபோது இது மட்டும் தப்பியது. 'சிங்கர் டிராக்ட்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

1930களின் தொடக்கத்தில் பறவையியலாளர்கள் பலரும் தந்த அலகு முடிந்துபோன கதை என்று நினைத்தார்கள். நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஆலன் ஃபுளோரிடாவில் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தார். கொஞ்ச நாளிலேயே உள்ளூர்க்காரர்கள் அந்த இரண்டையும் சுட்டுப் பாடம் செய்துவிட்டார்கள். அரிதாக ஆக ஆக அருங்காட்சியகங்களும் தனியார் சேகரிப்பாளர்களும் அதிக விலை கொடுத்தார்கள், அதனால் இன்னும் அதிகம் சுட்டார்கள். இன்றைக்கு உலகத்து அருங்காட்சியக இழுப்பறைகளில் நானூறுக்கு மேல் தந்த அலகு உடல்கள் படுத்திருக்கின்றன.

பிறகு 1932. மேசன் ஸ்பென்சர் என்ற லூசியானா வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், சிங்கர் காட்டில் அந்தப் பறவை இருக்கிறது என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. சரி என்று அரசாங்கத்திடமே சுடுவதற்கு அனுமதிச் சீட்டு வாங்கி, ஒன்றைச் சுட்டு, கொண்டுபோய்க் காட்டினார். உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஆதாரம், செத்த பறவை! அன்றைய முறை அதுதான், அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த ஒரு உடல் ஆலனை அங்கே வரவழைத்தது. 1935இல் அவருடைய குழு ஒலிப்பதிவுக் கருவிகளோடு போனது. லாரி சேற்றில் போகாது. கருவிகளைக் கோவேறு கழுதை இழுக்கும் வண்டிக்கு மாற்றி, சதுப்புக்குள் ஓட்டிப்போய்க் கூட்டுக்கு எதிரே முகாம் போட்டார்கள். பறவையை சினிமா ஃபிலிமில் பிடித்தார்கள், குரலையும் பதிந்தார்கள். பொம்மை ஊதுகுழல் மாதிரி ஒரு மூக்கொலி. அவ்வளவு பெரிய பறவைக்கு இவ்வளவு சின்னக் குரலா என்று தோன்றும். அந்தப் பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

குழுவில் இருந்த இளைஞர் ஜேம்ஸ் டானர். 1937 முதல் 1939 வரை இந்த ஒரே பறவையின் பின்னால் தெற்கு மாநிலங்கள் முழுக்க அலைந்தவர். இதற்கு உணவு புதிதாய்ச் செத்த பெரிய மரங்களின் பட்டைக்கு அடியில் இருக்கும் வண்டுப் புழுக்கள். அதனால் ஒரு ஜோடிக்குச் சுமார் 6 சதுர மைல் முதிர்ந்த காடு வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1938 மார்ச்சில் ஒரு குஞ்சுக்கு வளையம் மாட்டக் கூட்டுக்கு ஏறினார். குஞ்சு பயந்து வெளியே பாய்ந்து கீழே விழுந்தது. காடு காட்ட வந்த வனக்காவலர் கூன் அதை எடுத்துவைத்துக்கொள்ள, அது அவர் கைமேல் ஏறி, தோளில் ஏறி, கடைசியில் தொப்பியின் மேல் நின்றது. டானர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு பத்திரமாகக் கூட்டில் விட்டார். அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷனும் குஞ்சும், இரண்டு பேருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாத முகம்.

இப்போது கவனியுங்கள். உடல் இருக்கிறது, ஃபிலிம் இருக்கிறது, ஒலி இருக்கிறது, டானரின் கணக்கு இருக்கிறது. நாடு முழுக்க இருபத்து சொச்சம்தான் மிச்சம், அதில் முக்கியமான கூட்டம் இந்தக் காட்டில் என்று அவர் எழுதியும் கொடுத்துவிட்டார். இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்? ஆனால் அதே வருடங்களில்தான் சிகாகோ மில் என்ற மரக் கம்பெனி சிங்கரிடம் வெட்டும் உரிமை வாங்கி வேலையைத் தொடங்கியது. பெட்டி செய்கிற கம்பெனி. போர் வந்தது, மரத்துக்குக் கிராக்கி ஏறியது. ஆடுபோன் சங்கம் கெஞ்சியது, நான்கு மாநில ஆளுநர்கள் கடிதம் எழுதினார்கள், லூசியானா 2 லட்சம் டாலர் தரத் தயார் என்றது. 1943 டிசம்பரில் கம்பெனி முடியாது என்றுவிட்டது. வெட்ட ஆள் பற்றாக்குறை என்றபோது ஜெர்மன் போர்க்கைதிகளைக்கூட வேலைக்கு விட்டார்கள்.

1944 ஏப்ரலில் டான் எக்கல்பெரி என்ற ஓவியர் அங்கே போனார். வெட்டிப்போட்ட மரங்களுக்கு நடுவே ஒற்றைப் பெண் பறவை ஒன்று தினமும் சாயங்காலம் தன் பொந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சுமார் இரண்டு வாரம் உட்கார்ந்து அதை வரைந்தார். உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் கூட உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அமெரிக்காவில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற கடைசிப் பார்வை அதுதான்.

அதன் பிறகு வந்ததெல்லாம் சந்தேகக் கேஸ்கள். 1971இல் ஜார்ஜ் லோரி என்ற மதிப்பு மிக்க பறவையியலாளர் இரண்டு புகைப்படங்களைக் கொண்டுவந்தார். பாடம் செய்த பறவையை மரத்தில் ஒட்டவைத்து எடுத்தது என்று சக ஆய்வாளர்களே நக்கல் அடித்தார்கள்.

பிறகுதான் பிரிங்க்லி. 2004 பிப்ரவரியில் ஜீன் ஸ்பார்லிங் என்பவர் கயாக்கில் போகும்போது பார்த்ததாகச் சொன்னார். அவர் சொல்லக் கேட்டு டிம் காலகரும் பாபி ஹாரிசனும் போனார்கள். பறவை குறுக்கே பறந்தது. ஹாரிசன் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து தேம்பி அழுதுவிட்டார். அந்த ஏப்ரலில் டேவிட் லூனோ படகில் வைத்திருந்த கேமராவில் நான்கு விநாடி. மங்கலாக, ஏதோ ஒன்று மரத்துக்குப் பின்னாலிருந்து பறந்து போகிறது. 2005 ஏப்ரலில் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை, மத்திய அமைச்சரே மேடையேறி அறிவிப்பு, கோடிக்கணக்கில் நிதி. படத்தில் ஜெரோம் ஜாக்சன், டேவிட் சிப்லி இருவரும் எதிர்ப்பக்கம் பேசுகிறார்கள். சிப்லி சொல்வது எளிமையானது: வீடியோவில் தெரியும் வெள்ளை, இறக்கையின் பின்விளிம்பு இல்லை, இன்றும் தாராளமாகக் காணப்படும் பைலியேட்டட் மரங்கொத்தியுடைய இறக்கையின் அடிப்பக்கம். நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சிப்லி சொல்வதுதான் சரி என்று படுகிறது. ஹாரிசனின் அழுகையைப் பொய் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஆதாரம் இருந்தபோது காட்டை வெட்டினார்கள். நான்கு விநாடிப் புகையை வைத்துக்கொண்டு அறுபது வருடம் கழித்துப் பணத்தைக் கொட்டினார்கள். படம் இதை இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அந்தப் பணம் உறுதியாக உயிரோடு இருக்கும் வேறு அரிய உயிர்களுக்குப் போயிருக்க வேண்டியது என்று அன்றைக்கே விமர்சனமும் வந்தது.

டானரின் மனைவி நான்சியும் படத்தில் வருகிறார். கணவரோடு சிங்கர் காட்டுக்குப் போய் அந்தப் பறவையை நேரில் பார்த்தவர். வயதான அம்மா, பேச்சில் அலட்டலே இல்லை. மற்றவர்களெல்லாம் நம்பிக்கை, சாத்தியம், சதவீதம் என்று பேசும்போது, இவர் பேச்சில் பறவை மட்டும்தான் இருக்கிறது.

2021இல் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை 23 உயிரினங்களை அற்றுப்போனவையாக அறிவிக்க முன்மொழிந்தது, தந்த அலகும் அதில் ஒன்று. 2023 மே மாதம் லூசியானாவிலிருந்து ட்ரோன் வீடியோ, தானியங்கி கேமரா படங்களோடு புதுக் கட்டுரை வந்தது. மறுபடி மங்கல், மறுபடி சண்டை. அக்டோபரில் 21 உயிரினங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தந்த அலகை எடுக்கவில்லை, முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

சிங்கர் காடு இருந்த பகுதியில் 1980இல் ஒரு சரணாலயம் வந்தது, டென்சாஸ் ஆற்றின் பெயரில். மரங்கள் திரும்ப வளர்ந்துகொண்டிருக்கின்றன.