சையத் அப்துல் ரஹீம்

சையத் அப்துல் ரஹீம் (1909–1963) ஹைதராபாத்தைச் சேர்ந்த கால்பந்துப் பயிற்றுநர். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது, ஆட்ட உத்தியை வகுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் ஒருவரே பொறுப்பேற்கும் மேலாளர் என்னும் பதவிக்கு இந்திய விளையாட்டில் முழுமையான பொருள் தந்தவர். உடன் இருந்தோரும் ஆட்டக்காரர்களும் இவரை ‘ரஹீம் சாஹிப்’ என்றே அழைத்தனர். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் இந்திய அணி ஆசியாவின் முன்வரிசையில் நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அவற்றுள் ரஹீமின் உழைப்பே தலையாயது.

நிஜாம் ஆட்சியிலிருந்த ஹைதராபாத்தில் 1909 ஆகஸ்ட் 17 அன்று பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மாணவப் பருவத்தில் அப்பல்கலைக்கழக அணிக்கு ஆடி, பின்னர் பள்ளி ஆசிரியராகவும் உடற்கல்வி ஆசிரியராகவும் பணியாற்றினார். வகுப்பறைப் பழக்கம் அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை: ஒரு திறனைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் கைவந்த பின்னரே அடுத்ததைக் கற்பிப்பது அவர் முறை. 1940களில் ஹைதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளராகப் பொறுப்பேற்று, உள்ளூர்ப் போட்டிகளைப் பயிற்சிக் களங்களாகவே மாற்றினார். பந்தைக் காலோடு ஒட்டி நெடுந்தூரம் ஓட்டிச் செல்லும் ‘டிரிப்ளிங்’ தடைசெய்யப்பட்ட போட்டிகளையும், பழக்கம் குறைந்த காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டிகளையும் அவர் நடத்தினார். தனி ஒருவரின் வித்தையை ரசிக்கப் பழகியிருந்த அன்றைய இந்தியக் கால்பந்தில், பந்தை உடனுக்குடன் தோழருக்குத் தள்ளிவிட்டு வெற்றிடம் நோக்கி ஓடும் ஆட்டத்தை வேரூன்றச் செய்ய இதைவிட நேரான வழி இருந்திருக்க முடியாது.

1950இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநரான ரஹீம், இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றதுடன், 1950இல் கல்கத்தாவின் மோகன் பகானைத் தோற்கடித்து டூராண்ட் கோப்பையையும் கைப்பற்றியது. கல்கத்தாவே கால்பந்தின் தலைநகரம் என்ற எண்ணம் அசைந்தது இந்த ஆண்டுகளில்தான்.

1956 நவம்பர் 1 அன்று ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்ட ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. அதன் பின்னர் ஆந்திர, ஹைதராபாத் கால்பந்துக் கழகங்களும் ஒன்றிணைய, ஒருங்கிணைந்த கழகத்தின் செயலாளராகவும் ரஹீம் விளங்கினார்.

தேசிய அணியின் பொறுப்பில் ரஹீம் பெற்ற முதல் பெருவெற்றி, 1951இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் கிடைத்தது. இறுதியாட்டத்தில் சாகு மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்ற கணக்கில் தோல்வி கண்டது. இந்திய ஆட்டக்காரர்களுள் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர்; அந்தத் தோல்விக்குப் பின் காலணி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் ரஹீம் கற்றுக்கொண்டது காலணியைப் பற்றி மட்டுமன்று. நடு முன்கள வீரரைப் பின்னுக்கு நகர்த்தி எதிரணியின் தடுப்பாளரை நிலைகுலையச் செய்யும் ஹங்கேரிய உத்தியை அவர் ஊன்றிப் படித்து இந்திய ஆட்டத்தில் புகுத்தினார். தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் இருவர், முன்களத்தில் நால்வர் என நிற்கும் 4–2–4 அமைப்புக்கும் தம் வீரர்களைப் பழக்கினார்.

இந்த மாற்றத்தின் பலன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. முதற்சுற்றில் ஹங்கேரி விலகிக்கொள்ள, காலிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்களும், ‘கிட்டு’ எனப்பட்ட ஜே. கிருஷ்ணசாமி ஒரு கோலும் அடித்தனர். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1–4 எனவும், வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3 எனவும் தோற்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் முதற்சுற்றைத் தாண்ட முடியாவிட்டாலும், ஹங்கேரியிடம் 1–2 என்ற கணக்கில்தான் தோற்றது. பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தது. ஹங்கேரிக்கு எதிரான கோலை அடித்த துளசிதாஸ் பலராமன், செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மைதானத்துக்கு வரப் பணமின்றித் தவித்த அந்த இளைஞருக்கு மிதிவண்டி வாடகையைத் தாமே கொடுத்துப் பயிற்சிக்கு வரவழைத்தவர் ரஹீம்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி அவர் வாழ்வின் உச்சம். நுரையீரல் புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா ஒதுக்கியதை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி. டி. சோந்தி எதிர்த்ததால் எழுந்த கொந்தளிப்பில் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மைதானங்களில் இந்தியருக்கு எதிரான கூச்சலே நிறைந்திருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்ற அணி, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று அரையிறுதியை எட்டியது. தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டிருந்த தடுப்பாளர் ஜர்னைல் சிங்கை ரஹீம் நடு முன்கள வீரராக்கினார். பிற பயிற்றுநர்கள் துணிந்திருக்கமாட்டாத முடிவு அது. ஆனால் தென்வியட்நாமை 3–2 என வென்ற அரையிறுதியிலும், செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்திலும் ஜர்னைல் கோலடித்தார். உடல்நலம் குன்றியிருந்த நெடிய கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் இறுதியாட்டத்தில் களமிறங்க, பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் அடித்த கோல்களால் சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்றது.

ஒன்பது மாதங்களுக்குப் பின், 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். அவர் மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பின்னாளில் பன்னாட்டு நடுவராகவும் விளங்கினார். 1965–66 பருவத்தில் ஆந்திரப் பிரதேச அணி மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வென்றது. தேசிய அணியோ 1960க்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. ரஹீமின் வாழ்க்கையைத் தழுவி ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் 2024இல் வெளிவந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா இதுவரை இரண்டு தங்கங்களே வென்றுள்ளது; இரண்டு முறையும் அணியின் பயிற்றுநராக இருந்தவர் ரஹீம்.