தனிக் கட்டடத்திற்கும் தனி நிலக்கம்பி ஏன்?



பள்ளிகளில் சிற்றுண்டிச்சாலை, கணினி அறை, கழிப்பறை ஆகியவை முதன்மைக் கட்டடத்தை விட்டுத் தள்ளி நிற்பதுண்டு. அவற்றின் சுவரோரம் மண்ணுக்குள் இறங்கும் 'எர்த் கம்பி'யைக் கண்டிருப்பீர்கள். அது இருந்தாலே மின்னதிர்ச்சி வராது என்று நம்பலாமா? வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

மண்ணில் கம்பி இறக்கும் வழக்கம் மின்விளக்கிற்கும் முந்தியது. 1752-இல் பெஞ்சமின் பிராங்கிளின் இடிதாங்கியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மின்னலைக் கட்டடத்தின் வழியே பாயவிடாமல் மண்ணுக்கு இறக்குவதே அதன் பணி.

மலாயாவின் மின்சார வரலாறு நம் சிலாங்கூரின் ரவாங்கில் தொடங்குகிறது. 1894-இல் லோக் யூவும் தமிழரான கே. தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவி, நீர் இறைக்கும் பம்புகளை இயக்கினர். மறு ஆண்டு கோலாலம்பூர் இரயில் நிலையம் மின்சாரம் பெற்றது. 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953-இல் கிள்ளானில் கனாட் பாலம் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வீடுகளுக்குள் பரவியபோது நிலக்கம்பிக்கு இரண்டாம் பணியும் சேர்ந்தது. கருவியின் உலோக உடலில் கசியும் மின்சாரத்திற்கு வழிவிடுவதே அது.

இவ்விரு பணிகளையும் ஒன்றெனக் கருதுவதில்தான் ஆபத்து உள்ளது.

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள்கள் இடி முழங்குகிறது. அருகில் மின்னல் விழும்போது, ஒரே வளாகத்திலும் இடத்திற்கு இடம் நிலத்தின் மின்னழுத்தம் வேறுபடும். தனிக் கட்டடத்திற்குத் தனிக் கம்பி இட்டு, அங்குள்ள உலோகக் குழாய்களையும் கருவிகளின் எர்த் கம்பிகளையும் அதனோடு இணைத்தால், அனைத்தும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும். இதுவே அக்கம்பியின் தலையாய பயன்.

ஆனால், மின்கசிவைத் துண்டிக்க மண் மட்டும் போதாது. கசிவின் பாதையில் மொத்தத் தடை 23 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் 10 ஆம்பியரே பாயும். 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. கருவியின் உடலிலோ மின்சாரம் நிலைத்திருக்கும். அதைத் தொடும் பிள்ளையின் கதி என்னவாகும்?

இக்குறையைப் போக்கியது மின்கசிவுத் துண்டிப்பான். சென்ற மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இல்லையெனில் அது நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். 1950-களில் ஹென்றி ரூபின் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக இத்தகைய கருவியை உருவாக்கினார். 1961-இல் சார்லஸ் டால்சீல் அமெரிக்காவில் மனித உயிரைக் காக்கும் அளவுக்கு நுண்ணிய கருவியைப் படைத்தார். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியரிலும், ஈரத்தரை உள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரிலும் துண்டிக்கும் பாதுகாப்பை வலியுறுத்துகின்றன.

ஆகவே, தனிக் கட்டடத்தில் நிலக்கம்பியைக் கண்டதும் மனநிறைவு கொள்ளாதீர்கள். அங்குள்ள பெட்டியில் துண்டிப்பான் உள்ளதா என்றும் பாருங்கள். அதிலுள்ள 'டி' என்னும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். துண்டிக்காவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரை உடனே அழையுங்கள். வருமுன் காப்பதே அறிவுடைமை.