கருமணலும் கதிரவனும்: ஹீலியம் அணு அறியப்பட்ட வரலாறு

வட சிலாங்கூரில் ரப்பரும் செம்பனையும் போலவே வெள்ளீயமும் ஒரு காலத்தில் பெருந்தொழிலாக விளங்கியது. இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றுள்ள பத்தாங் பெர்ஜுந்தையின் ஈய லம்பங்களைத் தோட்டப்புறத் தமிழர் நன்கறிவர். மலேசிய லம்பங்களில் வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கனத்த மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். அதில் மோனசைட் என்னும் தாதுவும், அத்தாதுவில் தோரியமும் உண்டு. தமிழ்நாட்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பதும் இதே தாதுவாகும். தோரியம் அணு படிப்படியாகச் சிதைந்து காரீயமாக மாறி முடிவதற்குள் ஆறு ஆல்பாத் துகள்களை உமிழ்கிறது. அவை ஒவ்வொன்றும் ஹீலியம் அணுவின் கருவே. காலடி மணலில் ஓயாது பிறந்துகொண்டிருக்கும் இத்தனிமத்தை மனிதன் முதன்முதலில் கண்டது மண்ணில் அன்று, கதிரவனில். அதைக் கண்ட இடமோ, தோட்டத் தமிழரின் முன்னோர் பலர் கப்பலேறி வந்த பழைய சென்னை மாகாணம்.

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதன் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து சயாம் வழியே போர்னியோப் பக்கம் சென்றது. சயாமில் அதைக் காணச் சென்ற மன்னர் மோங்குட்டின் விருந்தினருள் நீரிணைக் குடியேற்ற ஆளுநர் ஹாரி ஓர்டும் ஒருவர். நிழற்பாதைக்குத் தெற்கே இருந்த சிலாங்கூரில் கிரகணம் அரைகுறையாகவே தெரிந்தது.

குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் பியேர் ழான்சென் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தின் நார்மன் போக்சனும், வனபர்த்தியில் அக்கூடத்தைச் சேர்ந்த அறிஞர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் நோக்கினர். கதிரவனின் விளிம்பிலெழும் தழற்கொழுந்துகளின் ஒளி தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தது. எனவே அவை ஒளிரும் வாயு என்பது தெளிவாயிற்று. அவற்றுள் மஞ்சட் கோடு ஒன்றைப் போக்சன் கண்டார். அது சோடியத்தின் கோடு நிற்கும் இடத்திலேயே நிற்கிறதா, அதனருகே நிற்கிறதா என்பதை மட்டும் அவரால் உறுதிப்படுத்த இயலவில்லை.

அந்த ஐயத்தைத் தீர்த்தது அளவை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர், கிரகணமின்றியே கதிரவனை ஆராய்ந்து, அக்கோடு சோடியத்தினுடையது அன்று என நிறுவினார். அதன் அலைநீளம் 587.6 நானோமீட்டர், சோடியத்தின் இரு கோடுகளோ 589.0, 589.6. பூமியில் அறியப்படாத அத்தனிமத்திற்குக் கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயர் அமைந்தது. பலர் நம்பவில்லை. 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து வெளிப்படுத்திய வாயுவில் அதே மஞ்சட் கோடு ஒளிர்ந்தபோதுதான் ஐயம் அகன்றது.

தாதுவுக்குள் அவ்வாயு எவ்வாறு புகுந்தது? ரதர்போர்டும் ராய்ட்ஸும் ஆல்பாத் துகள்களைக் கண்ணாடிக் குழாயில் சேகரித்து, அவை ஹீலியமாவதை 1909இல் மெய்ப்பித்தனர். வாயு வெளியிலிருந்து புகவில்லை, தாதுவுக்குள்ளேயே பிறந்தது. 1932இல் நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட பின் ஹீலியம் அணுவின் அமைப்பு முழுமையாக விளங்கிற்று. கருவில் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் உள்ளன. கருவுக்கு வெளியே இரண்டு எலெக்ட்ரான்கள். முதற்கூடு இரண்டே எலெக்ட்ரான்களால் நிரம்பிவிடுவதால் அது பிற தனிமங்களோடு கூடுவதில்லை. ஓர் எலெக்ட்ரானைப் பிரிக்க ஹைட்ரஜனுக்கு 13.6 எலெக்ட்ரான்-வோல்ட் போதும்; ஹீலியத்திற்கு 24.6 வேண்டும். வேறெத்தனிமத்திற்கும் இவ்வளவு வேண்டுவதில்லை.

எளியதாகத் தோன்றும் இவ்வணு அறிஞர்களைப் பெரிதும் திணறடித்தது. நீல்ஸ் போர் 1913இல் வகுத்த கொள்கை ஹைட்ரஜனுக்குப் பொருந்தியது, ஹீலியத்திற்குப் பொருந்தவில்லை. கரு இரு எலெக்ட்ரான்களையும் ஈர்க்க, அவை ஒன்றையொன்று விலக்குவதே சிக்கல். 1926இல் ஹைசன்பர்க் புதிய குவாண்டம் இயக்கவியலால் முடிச்சை அவிழ்த்தார். எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிராக அமையின் ஒரு கோட்டுக் குடும்பமும், ஒத்தமையின் மற்றொரு குடும்பமும் தோன்றும். சென்னை மாகாணத்தில் கண்ட மஞ்சட் கோடு இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தது. 1929இல் ஹில்லராஸ் செய்த கணக்கு சோதனையளவோடு நெருங்கிப் பொருந்தியது.

1868இல் கண்ட ஒரு கோட்டின் முழுப்பொருள் விளங்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. தனிம அட்டவணையின் இரண்டாம் கட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனோடு குண்டூரையும் மசூலிப்பட்டினத்தையும் லம்பத்துக் கருமணலையும் சேர்த்துச் சொல்லலாம். கண்டவர் பலர், ஐயுற்று அளந்தவர் சிலர். காட்சி அறிவாக மாறியது அந்த அளவையினால்தான்.